பழைய வண்டியும் பதிவுப் பத்திரமும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், பெருங்களத்தூரைத் தாண்டியதும் வண்டலூர் வந்துவிடுகிறது. இன்று வண்டலூர் என்றதும் 1985-இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவே யாவர் நினைவுக்கும் வரும். அதற்கு முற்பட்ட தலைமுறையினருக்கோ அது மோட்டார் கார் பிறக்கும் ஊராக இருந்தது. இங்கிலாந்து நாட்டு ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் கூடி 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று பல வண்டிகள் அதன் ஆலையிலிருந்து வெளிவந்தன. 1961 முதல் வந்த ஹெரால்டு என்ற சிறிய கார்தான் மத்தியதர வகுப்பினரின் மனத்தைக் கவர்ந்தது. 1988-இல் அங்கே கார் உற்பத்தி அடியோடு நின்றது. ஆலை போயிற்று, வண்டிகளிற் சில இன்னும் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. உழவர்க்கும் நெசவாளர்க்கும் உரிய இப்பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கட்டுரையை முடிக்கும்போது அக்கேள்விக்கு விடை கிடைக்குமென நம்புகிறோம்.

வெள்ளம் புகுந்த கொட்டகை

நமது அங்கத்தினர் ஒருவர் முடிச்சூரில் வசிக்கிறார். அவருடைய தந்தையார் கைத்தறித் துணி வியாபாரம் செய்தவர். அவர் 1974-இல் ஒரு ஹெரால்டு காரை இரண்டாங்கையாக வாங்கினார். 1967-இல் செய்யப்பட்ட இரண்டு கதவு வண்டி. துணி மூட்டைகளைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்திற்கும் ஆரணிக்கும் அவர் சென்று வந்த வண்டி அதுதான். 2009-இல் அவர் காலமான பின் கார் கொட்டகையில் நின்றது.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்தது. கொட்டகையில் கார் முழுகியது. வீட்டினுள் தந்தையாரின் மேசை அறையும் முழுகியது. காரும் அதன் காகிதங்களும் ஒரே இரவில் நனைந்தன. பின்னர் நடந்தவற்றை நோக்கினால், இரும்பு நனைந்ததைவிடக் காகிதம் நனைந்ததே பெரிய நஷ்டமாயிற்று.

இரும்பின் கதை

அமெரிக்காவில் பழைய கார்களைப் புதுக்குவது பெரிய பொழுதுபோக்கு. அங்கே 1964-இல் பான்டியாக் நிறுவனம் வெளியிட்ட ஜி.டி.ஓ. என்ற காரில் ஏறக்குறைய 6,400 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. நம் ஹெரால்டின் எஞ்சினோ 948 கன சென்டிமீட்டர்தான். வலிமையில் யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உள்ள வேற்றுமை இது. ஆனால் புதுக்குவோனின் வேலை இரண்டிலும் ஒன்றே.

2019-இல் நம் அங்கத்தினர் வேலையைத் தொடங்கினார். தறியை அறிந்தவருக்கு ஹெரால்டு எளிதில் விளங்கும். அதற்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. தறியைக் கழற்றிச் சட்டம் வேறு, அச்சு வேறு, விழுது வேறு என்று வைப்பதுபோல் இக்காரையும் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம். முன்மூடியும் இரு பக்கத் தகடுகளும் ஒரே துண்டாக முன்புறம் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்ணுக்குப் புலப்படும்.

தண்ணீரில் முழுகிய எஞ்சினை உடனே முடுக்கலாகாது என்பது முதற்பாடம். எண்ணெயை வடித்துப் பார்த்தபோது அது மோர் போல் வெளுத்திருந்தது. நீர் கலந்திருந்ததற்கு அதுவே அடையாளம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்து, பின்னரே கையால் மெல்லத் திருப்பினார்கள். பிரேக் சிலிண்டர்கள் துருவால் இறுகியிருந்தன. லேத்துப் பட்டறையில் அவற்றைக் குடைந்து உள்ளே புதிய உறை பொருத்தினார்கள். தரைத்தகடு பல இடங்களில் விரல் பட்டாலே பொடிந்தது. டிங்கர் அதை வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். வெளியே பளபளக்கும் வர்ணத்தைவிட உள்ளே சட்டத்தின் உறுதிதான் பெரிதென அவர் அடிக்கடி சொல்லுவார்.

உதிரி பாகங்கள் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடப்பட்டன. இவ்வகையில் சென்னைக்கு ஒரு பாக்கியம் உண்டு. சக்கரங்களுக்கு 1960-இல் வீல்ஸ் இந்தியா, மின்கருவிகளுக்கு 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குகளுக்கு 1962-இல் பிரேக்ஸ் இந்தியா என்று ஆலைகள் இந்நகரைச் சுற்றியே எழுந்தன. அந்தத் தொழிலைக் கற்ற கைகள் இன்னும் இங்கே உள்ளன. கிடைக்காத பாகத்தை மாதிரி பார்த்துச் செய்து கொடுக்க ஆள் உண்டு.

ஆனால் ஒரு நாள் பெருந்தவறு நேர இருந்தது. சட்டத்தின் துருவைக் கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்த பையன், எண்கள் பொறிக்கப்பட்டிருந்த இடத்திற்கு நான்கு அங்குலம் வரையில் வந்துவிட்டான். டிங்கர் ஓடிவந்து தடுத்தார். சேஸிஸில் பொறித்த எண்ணே வண்டியின் அங்க அடையாளம். அது அழிந்தால் எந்தப் பத்திரமும் அந்த வண்டியைச் சேர்ந்ததென நிரூபிக்க இயலாது. அவ்விடத்தை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடைத்து, மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எண்ணின் பிரதியை எடுத்து வைத்தார்கள். காரின் கதை அப்பொழுதுதான் இரும்பிலிருந்து காகிதத்திற்குத் திரும்பிற்று.

ஏட்டில் யார் பெயர்?

தந்தையாரின் மேசையில் இருந்த பதிவுப் புத்தகம் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. நகல் கேட்டுப் பதிவு அலுவலகத்திற்குச் சென்றார் நம் அங்கத்தினர். கையால் எழுதிய பழைய ஏட்டைப் புரட்டினார்கள். வண்டி எண் இருந்தது. சேஸிஸ் எண்ணும் பென்சில் பிரதியோடு ஒத்தது. ஆனால் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவருடைய தந்தையார் பெயர் இல்லை! 1967-இல் முதன்முதலில் வாங்கியவர் பெயரே இருந்தது.

நடந்தது இதுதான். 1974-இல் பணம் கைமாறியது, சாவி கைமாறியது, விற்றவர் ஒரு வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். “நம்பிக்கை இருக்கும்போது காகிதம் எதற்கு?” என்று தந்தையார் அதை மேசையில் வைத்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஓட்டிய வண்டி, சட்டத்தின் கண்ணுக்கு ஒருநாளும் அவருடையதாக இருக்கவில்லை.

புதுக்குவதற்கு அதற்குள் பெருந்தொகை செலவாகியிருந்தது. முதற் சொந்தக்காரரின் குடும்பத்தார், “வண்டி எங்களுடையது, கொண்டுவந்து விடுங்கள்” என்று சொன்னால் என்ன செய்வது? நகல் பத்திரத்திற்கான 26-ஆம் எண் படிவத்தில்கூட அவர்களே கையெழுத்திட வேண்டும். நம் அங்கத்தினருக்கு இரவில் உறக்கம் வரவில்லை.

அம்மையார் சொன்ன சொல்

ஏட்டில் கண்ட விலாசம் பல்லாவரத்தில் இருந்தது. அவ்வீடு கைமாறி விட்டது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, குரோம்பேட்டையில் முதற் சொந்தக்காரரின் மருமகளைக் கண்டுபிடித்தார்கள். வயது எண்பதை நெருங்கியவர். நம் அங்கத்தினர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“தம்பி, நீங்கள் வந்தீர்களே, அதுவே போதும். அந்த வண்டி எங்கேயாவது யார்மேலாவது மோதிவிட்டால் நம் பெயருக்கல்லவா சம்மன் வரும் என்று என் மாமனார் கடைசிவரையில் பயந்துகொண்டிருந்தார். யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.”

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. விற்றுவிட்டாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர் என்றும், விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பாவார் என்றும் 2018-ஆம் ஆண்டு நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வாங்கியவருக்கு உரிமை இல்லை. விற்றவருக்கு விடுதலை இல்லை. எழுதாத ஒரு காகிதம் இரண்டு குடும்பங்களையும் கட்டிப் போட்டிருந்தது.

அதன்பின் காரியங்கள் மெதுவாயினும் முறையாக நடந்தன. முதற் சொந்தக்காரரின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் பெறப்பட்டன. காணாமற் போன பத்திரத்திற்குக் காவல் நிலையத்தில் புகார் எழுதி, 26-ஆம் படிவத்தில் நகல் கோரப்பட்டது. 31-ஆம் படிவத்தின் மூலம் வண்டி வாரிசு பெயருக்கு வந்தது. பின்னர் 29, 30-ஆம் படிவங்களில் வாரிசிடமிருந்து நம் அங்கத்தினர் பெயருக்கு மாறியது. பழைய ஏட்டின் விவரங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. தாமதக் கட்டணமும் கட்டினார். தம் இரு சகோதரிகளிடமும் சம்மதக் கடிதம் பெற்றுக்கொண்டார். தந்தையார் பணத்தில் வாங்கிய பொருளல்லவா?

இறுதியில் ஒரு தேர்வு இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற் பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, பெரும் மாறுதலின்றி மூல உருவில் உள்ள சொந்த உபயோக வண்டிகளுக்கு அது பொருந்தும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் கொண்டு போகலாமேயன்றி அன்றாடம் ஓட்டலாகாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் அன்றாடம் ஓட்டலாம்; ஆய்வாளரின் சோதனையில் தேற வேண்டும்; ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் அங்கத்தினர் இரண்டாவதையே தேர்ந்தார். “அப்பா இதைக் காட்சிக்கு வைக்கவில்லை, மூட்டை ஏற்றி ஓட்டினார்” என்பதே அவர் கூறிய காரணம். 2023-இல் புதுப் பத்திரம் கைக்கு வந்தது. முதல் ஓட்டமாக அம்மையாரைக் குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரையில் அழைத்துச் சென்று திரும்பினார்.

நமக்கு இதில் என்ன?

நம்முள் ஹெரால்டு வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆனால் இருசக்கர வண்டி, டிராக்டர், சரக்கு வண்டி வைத்திருப்போர் பலர். நம் சங்கங்களிலும் பழைய ஜீப்பும் வேனும் உண்டு. எனவே பின்வருவனவற்றை அங்கத்தினர்கள் கவனித்தல் நலம்.

பழைய வண்டியை வாங்கும்போது முதலில் ஏட்டைப் பார்க்க வேண்டும். பிறகே எஞ்சினைப் பார்க்கலாம். பத்திரத்திலுள்ள எண்களைச் சேஸிஸிலும் எஞ்சினிலும் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். கடன் குறிப்பு ஏதேனும் ஏட்டில் எஞ்சியிருந்தால், அதை 35-ஆம் படிவத்தால் நீக்காமல் பணம் கொடுத்தல் கூடாது.

வாங்குபவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சங்கத்தின் வண்டியை விற்கும்போது, தொகை வந்ததோடு காரியதரிசியின் கடமை முடிந்ததாகக் கருதலாகாது. ஏட்டில் சங்கத்தின் பெயர் நீங்கும்வரை அவ்வண்டி செய்யும் விபத்துக்கெல்லாம் சங்கமே, அதாவது நாம் யாவருமே, பொறுப்பு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும்.

சொந்தக்காரர் காலமானால், வாரிசு 30 நாட்களுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் 31-ஆம் படிவம் தர வேண்டும். நம் பங்குத் தொகைக்கு நியமனதாரரைக் குறிப்பது நமக்குப் பழக்கமான செயலே. 2021 முதல் வண்டியின் பதிவிலும் அவ்வாறே நியமனதாரர் பெயரைக் குறிக்க விதி செய்துள்ளார்கள். ஒரு நாள் வேலைதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பல ஆண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நம்பிக்கைக்குக் காகிதம் விரோதியன்று. கூட்டுறவு இயக்கமே நம்பிக்கையின்மேல் எழுந்ததுதான். ஆயினும் கடன் ஏடும் பங்கு ஏடும் வரவு செலவுக் கணக்கும் இல்லாத சங்கம் எங்கேனும் நிலைத்ததுண்டா? 1974-இல் அவ்விருவரும் ஒருவரையொருவர் நம்பினார்கள்; அது நல்லதே. அந்த நம்பிக்கையை ஏட்டில் எழுதியிருந்தால், அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் அது பயன்பட்டிருக்கும்.

துருவேறிய இரும்பைப் பட்டறையில் புதுக்கலாம். எழுதாத ஏட்டை எழுத, எழுத வேண்டியவர் உயிரோடிருக்க வேண்டும். ஆகவே இன்றிரவே மேசை அறையைத் திறந்து, நம் வண்டியின் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதென்று ஒருமுறை பார்ப்போமாக.