வாத்து விமானம் வேணுமா?

குட்டீஸ்... விமானத்தின் சின்ன இறக்கை எங்கே இருக்கும்? வாலில் தானே! ஆனால், 'கனார்ட்' விமானத்தில் அது மூக்குப் பக்கம் இருக்கும். பிரெஞ்சு மொழியில் கனார்ட் என்றால், வாத்து. 1903ல் ரைட் சகோதரர்கள் பறந்ததும் இந்த வகை தான்!

அமெரிக்கரான பர்ட் ரூட்டன், வீட்டிலேயே செய்யக் கூடிய, 'லாங் ஈஸி' என்ற கனார்ட் விமானத்தை வடிவமைத்தார். 1979ல் அது பறந்தது. அதைப் பின்பற்றி, பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வகமான என்.ஏ.எல்., ஒரு விமானம் செய்து, 1987ல் பறக்க விட்டது.

இதில் என்ன லாபம்? நுரைப் பொருளும், கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்வதால் எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். வேகம் ரொம்பக் குறைந்தால், முன் இறக்கை தான் முதலில் தூக்கும் சக்தியை இழக்கும். உடனே மூக்கு தாழ்ந்து, விமானம் மீண்டும் வேகம் பிடித்து விடும்.

கஷ்டமும் உண்டு. செய்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இறங்கும் வேகம் அதிகம் என்பதால், நீளமான, வழுவழுப்பான ஓடுபாதை வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடு, மேலிருந்து பார்த்தால் மைதானம் போலத் தெரியும். நம்பி இறக்கினால் ஆபத்து! கோடையில் வெடிப்பு, மழையில் சேறு. சரளைப் பாதை என்றாலோ, சக்கரம் தெறிக்க விடும் கல், பின்னால் சுற்றும் விசிறியில் அடித்து விடும்.

இன்னொரு வேடிக்கை... இன்ஜின் பின்னால் இருப்பதால், விமானி இறங்கியதும் லாங் ஈஸி பின்பக்கம் சாயப் பார்க்கும். அதனால், முன் சக்கரத்தை மடக்கி, மண்டியிட்ட மாதிரி நிறுத்துவர்.

தெர்மோகோலில் ஒன்று செய்து பாருங்கள். மூக்கில் களிமண் வைக்க மறந்துடாதீங்க!