முந்தானையில் ஒரு முடிச்சு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட, காற்றுக்காக எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். மணி பத்தரை. எட்டாம் வகுப்பு படிக்கும் கீழ் வீட்டுப் பெண், தண்ணீர்த் தொட்டி ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டா கண்ணு, தூங்கலையா?"

"தூக்கம் வரல அத்தை. நிறைய வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"அதான்... நிறைய."

"எத்தனை?"

பதில் இல்லை. சரி, விரல் விட்டு எண்ணிச் சொல் என்றேன். அறிவியல் ரெக்கார்டு நோட்டில் இரண்டு படம். கணக்குப் பயிற்சி. தமிழ் மனப்பாடச் செய்யுள். நூலகப் புத்தகத்தைத் திருப்ப வேண்டும். பிய்ந்துபோன ஷூவைத் தைக்கக் கொடுக்க வேண்டும். தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பள்ளியில் அழைத்துப் போகிறார்கள். அதற்கான கடிதத்தில் அப்பாவின் கையெழுத்து. எண்ணி முடித்தவள் தன் விரல்களையே பார்த்தாள்.

"ஏழுதானா அத்தை?"

அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஏழு வேலைகள் அல்ல. எண்ணப்படாத வேலைகள். இது அவளுக்கு மட்டும் நடப்பதில்லை. நம் எல்லோருடைய மூளையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதை ஆராய்ந்தவர்களின் கதை நூறு வருடப் பழசு.

1920களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற இளம்பெண் உளவியல் படித்துக்கொண்டிருந்தார். அவர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர். ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் பணம் தராத மேசையின் கணக்கை அப்படியே நினைவில் வைத்திருக்கிறார்கள். பணம் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். இதை அவருடைய பேராசிரியர் குர்ட் லெவின் கவனித்ததிலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்வார்கள். ஸைகார்னிக் பலரை அழைத்துச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்: களிமண்ணில் உருவம் செய்வது, புதிர் போடுவது, கணக்குப் போடுவது. பாதி வேலைகளை முடிக்க விட்டார். மீதியை நடுவிலேயே நிறுத்திவிட்டார். பிறகு, என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, பாதியில் நின்ற வேலைகளே அவர்களுக்கு அதிகம் ஞாபகம் வந்தன. 1927இல் இந்த முடிவு வெளியானது.

பின்னால் வந்தவர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, நினைவு பற்றிய அந்த முடிவு எல்லா இடத்திலும் அதே மாதிரி வரவில்லை. ஆனால் அதே ஆய்வுக்கூடத்தில் மரியா ஓவ்சியான்கினா என்ற இன்னொரு பெண் கண்டது உறுதியாக நின்றது. பாதியில் தடுத்த வேலையை, யாரும் கேட்காமலே, கொஞ்சம் சும்மா விட்டால் போதும், மனிதர்கள் தாமாகவே திரும்ப எடுத்துச் செய்யப் போகிறார்கள். அரைகுறை வேலை நம்மை இழுக்கிறது. மாடியில் உட்கார்ந்திருந்த பெண்ணை ஏழு பக்கமும் ஏழு வேலைகள் இழுத்துக்கொண்டிருந்தன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். 5, 2, 9, 7 என்று வரிசையில்லாத நாலு எண்களை ஒருவர் மெதுவாகப் படிக்கட்டும். கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்லட்டும். பிறகு ஐந்து எண், ஆறு, ஏழு, எட்டு என்று கூட்டிக்கொண்டே போங்கள். எங்கோ ஓரிடத்தில் எல்லோருக்கும் தடுக்கும். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், அந்த எல்லை ஏழை ஒட்டியிருக்கிறது என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ள வழியே இல்லாதபோது நாலுதான் நிற்கும் என்றார்.

இதை நான் திண்ணை என்று சொல்லித் தருவேன். நாம் இந்த நிமிடம் நினைத்துக்கொண்டிருப்பதை வைத்திருக்கும் இடம் ஒரு சின்னத் திண்ணை. நாலு பேர்தான் உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்துவிடுவார். வீட்டுக்குள்ளே இருக்கும் நிரந்தர நினைவோ மிகப் பெரியது. எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கேட்டால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர், செங்கல்பட்டு என்று ஒன்பது ஸ்டேஷனையும் மூச்சு விடாமல் சொல்லும். ஆனால் முதல் தடவை ரயில் ஏறும் வெளியூர்க்காரருக்கு நாலைந்தில் மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு ஒன்பதும் சேர்ந்து ஒரே ஆள். வெளியூர்க்காரருக்கோ ஒன்பது பேர்.

ஏழு வேலைகளைத் திண்ணையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? மூன்று விழும். விழுந்துவிடுமோ என்று பயந்து மூளை ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி எட்டிப் பார்க்கும். படம் வரையும்போது ஷூ நினைவுக்கு வரும். ஷூவை எடுத்தால் செய்யுள். இந்தப் பதற்றம் நீடித்தால் உடம்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போட்ட மாதிரி அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் கலக்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிக நல்லது. கட்டிலில் படுத்திருக்கும்போது எங்கே ஓடுவது?

நம் பாட்டிகளுக்கு இந்தத் திண்ணைச் சங்கதி தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கடைக்குப் போகும்போது எதையாவது மறக்கக் கூடாது என்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். தாத்தாவுக்குத் துண்டு நுனி. மூளைக்கு வெளியே ஒரு ஞாபகம். தென் அமெரிக்காவில் இன்கா அரசு இதையே பெரிய அளவில் செய்தது. கிப்பு என்ற கயிறுகளில் விதவிதமாக முடிச்சுப் போட்டு, ஒரு பேரரசின் கணக்குகளையே வைத்திருந்தார்கள்.

ஆனால் முந்தானை முடிச்சில் ஒரு குறை. ஏதோ ஒன்று இருக்கிறது என்று அது சொல்லும். என்ன என்று சொல்லாது. அந்தக் குறை இல்லாத முடிச்சு ஒன்றும் நம் வீட்டிலேயே இருக்கிறது. மாதம் பிறந்ததும் அம்மா தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, முதலில் மஞ்சள் என்று எழுதித் தொடங்கும் மளிகைச் சீட்டு. துவரம் பருப்பு 1 கிலோ, புளி அரை கிலோ. 'பருப்பு' என்று மட்டும் அவர் எழுதுவதில்லை. எந்தப் பருப்பு, எவ்வளவு என்று எழுதுகிறார். அதனால்தான் கடைக்காரர் திரும்பக் கேட்காமல் கட்டித் தருகிறார்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இந்த மளிகைச் சீட்டைத்தான். அவள் நோட்டில் 'கணக்கு' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, 'பயிற்சியில் முதல் மூன்று கணக்கு, டியூஷன் போகும் முன்' என்று எழுதச் சொன்னேன். 'ஷூ' என்பது 'காலையில் ஷூவைப் பையில் போட்டு அம்மாவிடம் கொடுக்க' என்று ஆனது. அமெரிக்காவில் டேவிட் ஆலன் என்பவர் வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி 2001இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகமெங்கும் அலுவலகங்களில் படித்தார்கள். அவர் அதிகம் வலியுறுத்துவதும் இதுதான்: தலையில் உள்ளதையெல்லாம் வெளியே எடுத்து எழுது; ஒவ்வொன்றுக்கும் அடுத்து கையால் செய்ய வேண்டிய ஒரு சின்னச் செயல் என்ன என்று முடிவு செய்.

எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. ஆனால் இழுப்பது நிற்கும். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிக்காத வேலைகளை நினைவூட்டிவிட்டுக் கதை படிக்கச் சொன்னால், மாணவர்களின் மனம் கதையை விட்டு வேலைக்கே ஓடியது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் எழுதியவர்களுக்கோ அந்த ஓட்டம் அடங்கிவிட்டது. வேலையில் ஒரு துளிகூட அவர்கள் செய்யவில்லை. திட்டம் மட்டும்தான் போட்டார்கள்.

தூக்கத்துக்கும் இது உதவுகிறது. டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்களே சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். 2018இல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான், ஒரே இரவுதான். ஆனாலும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூங்கினார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்தது. மளிகைச் சீட்டு ஜெயித்துவிட்டது!

"நோட்ல எழுதி வெச்சா, மறதிக்காரின்னு கிளாஸ்ல சிரிப்பாங்க அத்தை" என்றாள் அவள். நான் வானத்தைக் காட்டினேன். எங்களுக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத் தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அங்கே நடக்கிறது. அப்படிப்பட்ட தேர்ந்த விமானிகளும் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கிளம்புகிறார்கள். அதற்குக் காரணம் ஒரு விபத்து. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நாலு எஞ்சின் விமானம் ஒன்று மேலே எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. தரையில் நிற்கும்போது விமானத்தைத் திருப்பும் அசையும் பலகைகள் காற்றில் ஆடாமல் பிடித்து வைக்கும் பூட்டை எடுத்துவிட மறந்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்த விமானம் ஒரு மனிதனின் நினைவுக்கு மீறியது என்று உணர்ந்த மற்ற விமானிகள், செய்ய வேண்டியவற்றை ஒரு சீட்டில் எழுதினார்கள். அன்று முதல் அது விமானத்தின் ஓர் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

நூறு விஷயங்களை மனத்திலேயே வைத்திருந்தவர்களும் நம்மிடையே உண்டு. நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டியவர். சுற்றி இருப்பவர்கள் ஒரே சமயத்தில் விதவிதமாகக் கேள்வி கேட்பார்கள், முதுகில் நெல்லும் கல்லும் எறிவார்கள், மணி அடிப்பார்கள். எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொண்டே பாட்டும் கட்ட வேண்டும். அது பல வருடப் பயிற்சியால் வரும் கலை. ஷூ தைப்பதை ஞாபகம் வைக்க அந்தக் கலை தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

சீட்டு எழுதியும் அவள் முதல் வாரம் தோற்றாள். ஒரு நாளுக்குப் பதினான்கு வேலை எழுதியிருந்தாள்! எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்தே நினைப்பது மனித இயல்பு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். 55 நாள் ஆனது. ஆகவே, இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு மூன்று வேலை, அதற்கு மேல் இல்லை. மிச்சமெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். கடைசிப் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பது முக்கியம். பார்க்காத நோட்டை மூளை நம்பாது; மறுபடியும் எல்லாவற்றையும் திண்ணைக்கு அழைத்து வந்துவிடும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நின்றால் பார்க்கலாம், ரயில் கடந்ததும் அதன் பின்னால் சிக்னல் சிவப்பாகும். ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பின்னால் வரும் வண்டி ரத்தாகிவிடவில்லை, முறைக்காக நிற்கிறது. செய்யுள் படிக்கும்போது வாழ்த்து அட்டை நினைவுக்கு வந்தால், நோட்டில் ஒரு சொல் எழுதிவிட்டுச் செய்யுளுக்கே திரும்பிவிடுவாள். அட்டைக்கு அதுதான் சிவப்பு விளக்கு.

எழுதினாலும் இறங்காத பாரம் சில உண்டு. யாராவது அடிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள், வாரக்கணக்கில் அழுகை வருகிறது என்றால், அது நோட்டுக்கான விஷயம் இல்லை. அம்மா, அப்பா, பிடித்த டீச்சர், யாரிடமாவது உடனே சொல்லுங்கள். 1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். 14416 அரசின் மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள்.

மற்றபடி, இன்று இரவு விளக்கை அணைக்கும் முன் ஐந்து நிமிடம். ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கம் போதும். மேலே பிள்ளையார் சுழியோ, உங்களுக்குப் பிடித்த எந்த அடையாளமோ போட்டுக்கொள்ளுங்கள். தலையில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள், எண்ணுங்கள், நாளைக்கு மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். எத்தனை வந்தது என்று எனக்குக் கடிதம் போடுங்கள். ஏழுக்கு மேலா, கீழா என்று அறிய கீழ் வீட்டுப் பெண்ணும் காத்திருக்கிறாள்.