வெறுந்தேத்தண்ணிக்குப் பதிலாக ஒரு கோப்பை

"இருங்கோ தங்கச்சி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

கிளிநொச்சிப் பக்கம் எந்த வீட்டுக்குச் சென்றாலும் இந்த வரவேற்பு உண்டு. அன்று நான் சென்ற வீட்டின் தலைவி யுத்தத்தில் கணவனை இழந்து, கூலி வேலை செய்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை அவள் என் கண்முன்னேயே சூடான வெறுந்தேத்தண்ணியுடன் விழுங்கினாள். "குளிசை போட்டும் இவளுக்கு இரத்தம் கூடேல்லையாம்" என்று தாய் கவலைப்பட்டார்.

பிழை பிள்ளையில் இல்லை, கோப்பையில் இருந்தது.

தேயிலையில் உள்ள ஒருவகைத் துவர்ப்புப் பொருள் உணவிலும் குளிசையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. உணவோடு தேநீர் குடித்தால் உடல் உறிஞ்சும் இரும்புச்சத்து பாதிக்கும் மேல் குறையலாம். அதனால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். குளிசையை வெறும் தண்ணீருடனேயே விழுங்கவேண்டும்.

இன்னொன்று கஃபீன். ஒரு கோப்பைச் சாயத்தேநீரில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் வரை உண்டு. அது களைப்பையும் பசியையும் சற்று நேரம் மறைக்கும். காலைச் சாப்பாட்டை விட்டு இரண்டு கோப்பை தேநீரோடு வேலைக்குப் போகும் எம் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாலையில் கூடுதலாகக் குடித்தால் இரவு நித்திரையையும் கெடுக்கும். ஏற்கெனவே நித்திரை தொலைத்தவர்கள் எம்மில் எத்தனை பேர்!

இப்போது கடைகளில் கஃபீன் இல்லாத, பழங்கள் கலந்த மூலிகைத் தேநீர்ப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. பெயரில் தேநீர் இருந்தாலும் அவற்றில் தேயிலை இல்லை. உலர்ந்த பூ, இலை, பழத்துண்டு, பழத்தோல் ஆகியவையே உள்ளன. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெட்டியில் அப்பிள் படமோ ஸ்ட்ரோபெரி படமோ இருப்பதால் அது கஃபீன் இல்லாததாகிவிடாது. பழ வாசனை சேர்த்த சாதாரண தேயிலையும் அப்படியே விற்கப்படுகிறது. உள்ளடக்கத்தில் "தேயிலை" என்று இருந்தால், அது பச்சைத் தேயிலையாக இருந்தாலும், கஃபீன் உண்டு. எமது மல்லிக்கோப்பியும் அப்படித்தான்: கோப்பிக்கொட்டை சேர்த்து இடித்தால் கஃபீன் சேர்ந்துவிடும்.

அந்தப் பெட்டியின் விலையைப் பார்த்து மனம் தளரவேண்டாம். வீட்டு வளவிலேயே அதற்கு வழி உண்டு. நான்கு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியும் தட்டிய இஞ்சித் துண்டொன்றும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின், கழுவிய சிவப்புச் செவ்வரத்தம்பூ நான்கின் இதழ்களை மட்டும் போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். வடித்துச் சற்று ஆறியதும் பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள். கருநீலச் சாயம் கண்முன்னே சிவப்பாகும். சிறுபிள்ளைகள் இதைப் பார்க்கவே ஓடிவருவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் தேசிக்காயின் விற்றமின் சி வீணாகும். இரும்புச்சத்து உடலில் சேர உதவுவது இந்த விற்றமினே. கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிசையோடு விற்றமின் சி குளிசையும் தருவது இதற்காகத்தான்.

மூலிகை என்பதற்காக எல்லாம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. கர்ப்பிணிகள் செவ்வரத்தையைத் தவிர்க்கவேண்டும். அவர்களுக்குக் கொத்தமல்லி, இஞ்சி, தேசிக்காய் போதும். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டபின்பே செவ்வரத்தையைத் தினமும் குடிக்கவேண்டும். சில மூலிகைகளிலும் இரும்பைத் தடுக்கும் துவர்ப்பு உள்ளதால், இந்தப் பானத்தையும் குளிசையோடு குடிக்கவேண்டாம்.

"இதைக் காயவைத்துப் பைக்கற்றில் விற்கலாமோ?" என்று மகளிர் சங்கங்களில் கேட்கிறார்கள். விற்கலாம். பூச்சிமருந்து படாத பூக்களைப் பறித்து, நிழலில், நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்தவேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் "சேதன உற்பத்தி" என்று அச்சிட அவசரப்படக்கூடாது. அதற்கு அத்தாட்சி வழங்கும் நிறுவனம் நிலத்தைப் பரிசோதிக்கவேண்டும். இரசாயனம் விட்ட நிலம் அந்தத் தகுதியைப் பெறப் பொதுவாக இரண்டு மூன்று வருடங்கள் செல்லும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே வருடமே அந்தத் தடையை நீக்கவேண்டி வந்ததை எமது விவசாயிகள் மறக்கமாட்டார்கள். மண் மாற அவகாசம் வேண்டும். அதுவரை "எங்கள் வீட்டுத்தோட்டத்தில் இரசாயனம் பாவிக்காமல் வளர்த்தது" என்ற உண்மையைச் சொல்லி அயலில் விற்பதே நேர்மை. வாங்குபவர் நம்பினால் மறுமுறையும் வருவார்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது மகள் குளிசையைத் தண்ணீரோடு போட்டாள். தாய் தேத்தண்ணியை விடவில்லை. "அது இல்லாமல் எனக்கு ஏலாது தங்கச்சி" என்றார். ஆனால் காலமைச் சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு, தேத்தண்ணியைப் பத்து மணிக்கு மாற்றியிருந்தார். மாலையில் மல்லித்தண்ணி.

சகோதரிகளே, தேநீரை முற்றாகக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விருந்தினருக்குக் கொடுக்க எதுவும் இல்லாத நாட்களிலும் எம் மானத்தைக் காத்தது அந்தக் கோப்பைதான். ஆனால் அது சாப்பாட்டின் இடத்தையும் மருந்தின் பலனையும் எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.