தூசியை விழுங்கிய செல்
தங்கவயலின் பிள்ளைகள் – 11

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலார் தங்கவயலின் சுரங்கங்களைக் கையில் எடுத்தது. இரண்டு வருடம் கழித்து, 1882 மார்ச் 24 அன்று, காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டதாக பெர்லினில் ராபர்ட் காக் அறிவித்தார். அதே 1882-ல் இத்தாலியின் மெசினாவில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு விடியும்வரை காத்திருந்தார். காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. வெளியிலிருந்து வருவதைச் சூழ்ந்து விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுரங்கம், கிருமி, விழுங்கும் செல். மூன்றும் ஒன்று சேர்ந்த இடம் நம் ஊர்த் தாத்தாக்களின் நெஞ்சு.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் லைன் வீடுகளில் குடியேறியவர்கள் அவர்கள். இங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அதைத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தின் சூட்டில் ஒவ்வொரு ஷிஃப்டும் இந்தத் தூசியை மூச்சில் வாங்கியது. 1940-ல் மைசூர் அரசு, இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று, பத்தில் நாலு பேருக்கு மேல் அந்த நோய் இருப்பதைப் பதிவு செய்தது.

நோய் உள்ளே எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நுரையீரலின் கடைசிக் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் காவல் இருக்கின்றன. தூசியோ கிருமியோ, எது வந்தாலும் விழுங்கித் தன்னுள்ளே இருக்கும் செரிமானப் பையில் போட்டுக் கரைத்துவிடப் பார்க்கும். சிலிக்கா கரைவதில்லை. அந்தத் துகள் பையையே கிழித்துவிடுகிறது. உள்ளிருக்கும் அமிலமும் நொதிகளும் கசிகின்றன. செல் ஆபத்துச் சமிக்ஞைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செத்துப்போகிறது. துகளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. செத்த செல்லிலிருந்து அது வெளியே வருகிறது, அடுத்த செல் அதை விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு சாவுக்கும் அழற்சி கூடுகிறது. அழற்சி தழும்பாகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிய மறுக்கிறது. வேலையை விட்டு இருபது வருடம் ஆன பிறகும் இந்தச் சுற்று நிற்காது. செல்லுக்குள் அந்த அபாயச் சமிக்ஞையைக் கிளப்பும் புரதக் கூட்டம் எது என்பது 2008-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. நம் சுரங்கங்கள் 2001-லேயே மூடப்பட்டுவிட்டன.

காசநோய்க் கிருமி ஒளிந்து வாழ்வதும் இதே மேக்ரோஃபேஜுக்குள்தான். சிலிக்காவால் அந்தச் செல்கள் நலிந்துபோனவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாவது அதனால்தான். “மைன்ஸ்ல வேலை செஞ்சவரு, நெஞ்சு போயிடுச்சு” என்று நாம் ஒரே வரியில் சொல்லிக் கடந்த சாவுகளுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

இதைக் கற்றுத்தரும் படிப்பின் பெயர்தான் மைக்ரோபயாலஜி. இம்யூனாலஜி அதன் கூடவே வரும். தங்கவயல் வீடுகளில் இந்தப் படிப்பின் பேச்சு எப்போது எழுகிறது? நீட் முடிவு வந்த மறுவாரம். “மெடிக்கல் கிடைக்கல, மைக்ரோல சேர்த்துடலாமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளையின் முகம் அப்போதே வாடிவிடுகிறது. தோற்றவர்களுக்கான இடம் என்று சொல்லி ஒருவரை மூன்று வருடம் ஒரு வகுப்பறைக்கு அனுப்புவது அநியாயம். இந்தப் படிப்பை அதற்காகவே விரும்பி எடுக்கிற பிள்ளைகள் வேண்டும். விரும்புவதற்கு நம் ஊரில் காரணமும் இருக்கிறது.

என்ன செய்வார்கள்? ஒரு சளி மாதிரியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழிருந்து ஆவி வரும்வரை சூடு காட்ட வேண்டும். கொதிக்க விடக்கூடாது. பிறகு அமிலத்தால் கழுவினால் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் நிறத்தை விட்டுவிடும். மெழுகு போன்ற உறை உள்ள காசநோய்க் கிருமி விடாது. அடுத்து நீலச் சாயம். எண்ணெய்த் துளி வைத்து ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். “இல்லை” என்று எழுதுவதற்கு முன் நூறு பார்வைப் புலங்களையாவது பார்த்தாக வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும். இந்த வேலையில் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது வளர்த்துப் பார்ப்பது. ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். முட்டை கலந்த பச்சை ஊடகத்தில் விதைத்துவிட்டு எட்டு வாரம் வரை வாராவாரம் எடுத்துப் பார்ப்பார்கள். இப்போது சில மணி நேரத்தில் மரபணுவை வைத்தே சொல்லிவிடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எந்த மருந்து யாருக்குக் கேட்காது என்பதை முழுதாக அறிய வளர்ப்பு ஆய்வகங்கள் தேவைப்படுகின்றன. அங்கே எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. 1959-ல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் நமக்குப் பக்கத்தில் பெங்களூரில்தான் இருக்கிறது.

சேர்வதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் டெக்னீஷியன் வேலைக்கு டி.எம்.எல்.டி. போன்ற படிப்புகள் தனியாக இருக்கின்றன. வெறும் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி அதற்கு ஈடாகாது. நோயறிதல் அறிக்கையில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதில் எம்.டி. டாக்டர்களுக்கும் எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கும் நீண்ட காலமாக வழக்கும் வாதமும் நடந்திருக்கின்றன. மூன்று வருடம் முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை நொந்துபோகும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மாணவருக்கு ஒரு மைக்ராஸ்கோப் உண்டா, ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ப்ராக்டிகல் என்று கேளுங்கள். நேரில் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்வதில் தப்பில்லை.

இந்தப் படிப்பால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் ரயில் பாதையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1985-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா என்று தேடும்படி அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் அவருக்கு ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார். அது வெளிநாட்டு நோய் என்று எல்லோரும் நம்பிய காலம். தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்ட நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் பேசி ரத்த மாதிரிகள் சேகரித்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று இருப்பதன் அடையாளம் அது. 1986-ல் நாடே அதிர்ந்தது. ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை வந்ததும், தடுப்புப் பணிகள் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஒரு மாணவியின் தீசிஸ் அது.

எல்லோரும் ஆராய்ச்சிக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டே போகிறார்கள். அந்த ரயில் மாலூரைத் தாண்டித்தான் போகிறது. கோவாக்சின் தயாரித்த பாரத் பயோடெக்கின் ஆலைகளில் ஒன்று அந்த மாலூரில் இருக்கிறது. பொம்மசந்திரா பக்கம் பயோகான். ஊசி மருந்து, தடுப்பூசி செய்யும் இடங்களில் கிருமியில்லாத அறையைக் காப்பதே மைக்ரோபயாலஜிஸ்டின் வேலை. அறையின் மூலைகளில் தட்டுகளைத் திறந்து வைத்து, எத்தனை கிருமி விழுந்தது என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் துணிவும் வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவுதான், இரவு ஷிஃப்டும் உண்டு. கோலார் பால் ஊர் ஆயிற்றே, பால் பண்ணைகளிலும் வேலை இருக்கிறது. பாலில் மெத்திலீன் நீலம் கலந்து, அந்த நிறம் எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்பதை வைத்துப் பாலின் தரத்தைச் சொல்வார்கள். அரசு உணவுப் பாதுகாப்பு அதிகாரி தேர்வுக்கும் மைக்ரோபயாலஜி பட்டம் தகுதி.

ஆராய்ச்சிதான் என்று முடிவு செய்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தேர்வுகளுக்கு எம்.எஸ்ஸி. படிக்கும்போதே தயாராக வேண்டும். தேர்ச்சி பெற்றால் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்யலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பன் இம்யூனாலஜித் துறையை உருவாக்கியபோது, அங்கே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட உயிர்களில் ஒன்று நம் வேலியில் தலையாட்டும் ஓணான். அதன் தைமஸிலும் மண்ணீரலிலும் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். அவரோடு வேலை செய்த பிச்சப்பன் பிறகு, ஒரே கிருமி தொற்றினாலும் சிலருக்கு மட்டும் டி.பி. வருவது ஏன் என்ற கேள்விக்கு விடையைத் தென்னிந்தியர்களின் மரபணுக்களில் தேடினார். லைன் வீட்டில் ஒரே சுவருக்கு இரு பக்கம் வாழ்ந்தவர்களில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போனதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்வி நமக்கு அந்நியமில்லை.

இன்னொன்றும் இங்கே கிடக்கிறது. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், மேடு மேடாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. இப்படிப்பட்ட கழிவிலும் மைக்ரோபயாலஜிக்கு வேலை உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984 முதல், சயனைடு கலந்த கழிவுநீரைப் பாக்டீரியாவைக் கொண்டே சுத்தம் செய்தது. அந்த நீர் போய்ச் சேர்ந்த ஓடைக்கு ட்ரவுட் மீன்கள் திரும்பி வந்தன. சுரங்கத்தின் அடியாழத்திலும் பாக்டீரியா உண்டு. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாமல் தனியாகவே வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டு 2008-ல் எழுதினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.ஏ. நடராஜன், தாதுவிலிருந்து உலோகம் பிரிக்கப் பாக்டீரியாவைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்.

கடைசி வருடத்தில் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தங்கவயல் மாணவர்களுக்கு ஒரு யோசனை. பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு, அனுமதிக் கடிதம் வாங்கி, முகக்கவசம் கையுறையோடு அந்தச் சயனைடு மண் மேட்டுக்குப் போங்கள். புல் முளைத்த இடத்தில் ஒரு மாதிரி, முளைக்காத இடத்தில் ஒரு மாதிரி எடுங்கள். இரண்டிலும் என்னென்ன பாக்டீரியா வளர்கிறது, எது சயனைடைத் தாங்குகிறது என்று பாருங்கள். ஒரு செமஸ்டருக்குள் முடிகிற வேலைதான்.

(தொடரும்)