குளியலறை அலமாரியும் எஸ்தர் ராணியும்



போன கோடை விடுமுறையில் ஒரு நாள் காலையில், பன்னிரண்டு வயதான என் மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி எழுந்து வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாள். குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "முகத்தில் என்னென்ன போடுகிறாய்?" என்று அவர் கேட்டார். வைட்டமின் சி சீரம், ரெட்டினால் கிரீம், தோலை உரித்து எடுக்கும் ஆசிட் டோனர் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் பிறந்த நாளுக்கு வந்த பரிசு அட்டைகளில் அவளே வாங்கியவை. கடைக்குக் காரை ஓட்டிப் போனது நான்தான்.

"எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். இந்த வயதுக்கு இவ்வளவு போதும்" என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் முகம் ஆறிவிட்டது.

இது என் வீட்டு நிலைமை மட்டும் அல்ல. வயதாவதைத் தடுக்கும் கிரீம்களைப் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று, நம் பே ஏரியாவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ 2024-ல் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே அந்தக் காவல் வேலை இன்னும் வீட்டில் நம் கையில்தான் இருக்கிறது.

அன்று மாலை நானும் மகளும் குளியலறை அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினோம். அவளுடையவை 14, என்னுடையவை 23. அவளைக் கடிந்துகொள்ள வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். என் பொருள்களுக்குள் ஒரு சின்ன வெள்ளை டப்பா இருந்தது. அதை எடுத்த மகள், "அம்மா, இது எதுக்கு? இதுல ஒண்ணுமே எழுதலையே" என்றாள்.

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்முன் மூன்று மாதம் பூசிய கிரீம் அது. "ஏழு நாளில் நிறம் மாறும்" என்று சொல்லித் தந்தார்கள். என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? "அம்மா கறுப்பா இருக்கேன்னு போட்டேன்" என்றேன். என்னைவிட ஒரு படி நிறம் கூடிய என் மகள், "அப்போ நானும் போடணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கண் திறந்தது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் விற்பனைக்கு வந்தது 1975-ல். என் தலைமுறைப் பெண்கள் அதன் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தோம். நிறம் மாறினால் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்பதே அவற்றின் கதை. இதற்கு எதிராக 2009-ல் சென்னையிலிருந்தே ஒரு குரல் எழும்பியது. 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பின் கவிதா இம்மானுவேல், 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தபோது நாடு முழுவதும் பேச்சாயிற்று. 2020-ல் அந்தக் கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. பெயர் மாறிவிட்டது, நம் மனம் மாறியதா என்பதை நம் அலமாரிகள்தான் சொல்ல வேண்டும்.

பெயரும் விவரமும் இல்லாத டப்பாக்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறத்தை வெளுக்கச் செய்வதற்காகச் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசியவரின் கை, தலையணை, துண்டு வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போய்ச் சேருகிறது. கேரளத்தில் கோட்டக்கல்லில் டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள். நமக்குப் பக்கத்திலேயே, சாக்ரமென்டோவில், 2019-ல் பாதரசம் கலந்த கிரீமைப் பூசிய ஒரு பெண் சுயநினைவு தவறும் நிலைக்குப் போனார்.

நான் டாக்டரிடம் சொன்னேன். சிறுநீரில் பாதரசம் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்களும் இப்படி எதையாவது பூசியிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அலமாரியைக் காலி செய்யும் முறை

முதலில், என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லாத டப்பா எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 'மெர்க்குரி', 'மெர்க்குரஸ் குளோரைடு', 'கேலமல்' என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். 'பீட்டாமெத்தசோன்', 'குளோபெட்டசால்' என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதித் தராமல் முகத்தில் பூசக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் பாதரசம், ஃபார்மால்டிஹைடு உட்பட 24 பொருள்களை அழகுசாதனங்களில் சேர்ப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஆனால் நம் சூட்கேஸில் வருவதை அந்தச் சட்டம் வந்து பார்க்காது.

இரண்டாவது, தேதி. மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படமும் அதற்குள் '6எம்', '12எம்' என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் வைத்திருக்கலாம் என்று அர்த்தம். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கண் நோய் வந்தபோது போட்ட மையையும் மஸ்காராவையும் தூக்கிப் போடுங்கள். அக்கா தங்கையாக இருந்தாலும் கண் மையைப் பகிர வேண்டாம்.

மூன்றாவது, எங்கே போடுவது? நெயில் பாலிஷ், அதை அழிக்கும் திரவம் ஆகியவற்றைக் குப்பைத் தொட்டியிலோ தொட்டியின் வடிகாலிலோ போடக்கூடாது. அலமீடா கவுன்டியின் அபாயக் கழிவு மையம் லிவர்மோரில் இருக்கிறது. டப்ளினிலிருந்து கொஞ்ச தூரம்தான். குடியிருப்பவர்களிடம் பணம் வாங்குவதில்லை. எந்த நாளில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள். சந்தேகமான கிரீமை ஜிப் பையில் போட்டு மூடி அங்கேயே கொடுத்துவிடுங்கள். நமக்கு ஆகாததை ஊரிலுள்ள சொந்தக்காரருக்கு அனுப்புவது தர்மம் ஆகாது. திறக்காத நல்ல பொருள்களைப் பெண்கள் காப்பகத்தில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

மீதி வைக்க வேண்டியது

காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். இரவில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். பையன்களுக்கும் இதே கணக்குதான்.

"நம்ம தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மெலனின் ஓரளவுக்குக் காக்கிறது, முழுவதும் காப்பதில்லை. பருவின் தழும்பும் மங்கும் வெயிலில் இன்னும் கருக்கும். சன்ஸ்கிரீன் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறதா? அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள வகையை வாங்குங்கள்.

பருவுக்கு பென்ஸாயில் பெராக்சைடோ அடாபலினோ ஏதாவது ஒன்று. பன்னிரண்டு வாரம் வரை பொறுமையாக இருந்து பாருங்கள். கிள்ளாதீர்கள். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தாலும் பரு வரும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும். புதிதாக எதை வாங்கினாலும் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள்.

எஸ்தர் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். அரமனைக்கு வந்த பெண்களுக்குப் பன்னிரண்டு மாதச் சுத்திகரிப்பு நடந்தது. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்தவர்க்கம். ராஜாவிடம் போகும்போது வேண்டியதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதியும் இருந்தது. எஸ்தரோ யேகாய் நியமித்ததைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அலங்காரம் பாவம் என்று அந்த இடம் சொல்லவில்லை. அவளும் தைலம் பூசியவள்தான். ஆனால் எது போதும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாம் அவளை நினைப்பதும் அந்தத் தைலத்துக்காக அல்ல. உயிரையே பணயம் வைத்துத் தன் ஜனத்துக்காகப் பேசினாளே, அதற்காக.

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது இருவருக்கும் சேர்த்து ஒன்பது பொருள்கள்தான் இருக்கின்றன. ஆனால் டப்பாவைப் போட்டது சுலபமாக இருந்தது; பேச்சை மாற்றுவதுதான் கஷ்டம். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஊருக்கு வீடியோ காலில் பேசினோம். மகளைப் பார்த்ததும் ஆச்சி, "என்னம்மா, வெயில்ல விளையாடிக் கறுத்துட்டியே" என்றார்கள். வழக்கமாக நானும் சேர்ந்து, "ஆமா, சொன்னா கேட்க மாட்டேங்கிறா" என்பேன். அன்று, "நீச்சல் போட்டியில ஜெயிச்சுட்டு வந்திருக்கா அத்தை, அதைக் கேளுங்க" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சியும் சிரித்துக்கொண்டே போட்டியைப் பற்றி விசாரித்தார்கள்.

நம் சபையில் ஒரு குழந்தையைப் பிரதிஷ்டைக்குக் கொண்டுவரும்போது, "நல்ல கலர்" என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிறது. அதை நிறம் குறைந்த ஒரு பிள்ளை பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வேறொரு வார்த்தை சொல்லி வாழ்த்துவோம்.