வேலையில் சேரும் முதல் வாரமே பேசிவிடுங்கள்

நம் ஊரில் பல பிள்ளைகளுக்கு வேலை விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. மாமாவோ மச்சானோ ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைப்பார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அடுத்த வாரம் பையன் கடையில் நிற்பான். "நம்ம பையன்தான், பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பதோடு சம்பளப் பேச்சும் முடிந்துவிடும்.

இந்த நம்பிக்கை நல்லதுதான். ஆனால் தெரிந்தவர் என்பதாலேயே, பேச வேண்டியதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். மூன்றாவது மாதத்தில், "இவ்வளவுதான் தருவார் என்று யாரும் சொல்லவில்லையே" என்று பையன் வருந்துகிறான். "வேலை சொன்னால் முகத்தைச் சுளிக்கிறான்" என்று முதலாளி குறைப்படுகிறார். வேலையும் போகிறது, சிபாரிசு செய்தவருக்கும் இரு வீட்டாருக்கும் இடையே பேச்சும் நின்றுபோகிறது. முதல் வாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

என்ன வேலை, யாருக்குப் பதில் சொல்வது?

"கடை வேலை" என்று சொன்னால் போதாது. கல்லாவா, விற்பனையா, கிடங்கா? முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதும் இதில் சேருமா? அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையில் ஒருவர் சரக்கு இறக்கச் சொல்வார். அதே நேரம் மற்றவர் பில் போடச் சொல்வார். யார் சொல்வதை முதலில் செய்ய வேண்டும் என்பதை முதலாளியே தெளிவாக்கிவிட வேண்டும். மேனேஜர் இருக்கும் கடையில் அவரும் இந்தப் பேச்சில் இருக்கட்டும்.

நேரமும் விடுப்பும்

கடை திறக்கும் நேரத்தைச் சொல்லும் நாம், கணக்கு முடித்துப் புறப்படும் நேரத்தைச் சொல்வதில்லை. அதையும் சொல்லுங்கள். ஜும்ஆவுக்கு எப்போது போகலாம், நோன்பு மாதத்தில் இஃப்தார் நேரத்தில் யார் கடையைப் பார்ப்பது, பெருநாள் வியாபாரத்தில் இரவு எத்தனை மணி வரை நிற்க வேண்டும் என்பதையும் பேசுங்கள். மாற்று மதத்தவரிடம் வேலைக்குச் சேரும் பிள்ளை, "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் போய் இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன், அந்த நேரத்தை மாலையில் சேர்த்துப் பார்க்கிறேன்" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். நம் கடையில் சேரும் மாற்று மதச் சகோதரருக்கும் தீபாவளி, பொங்கல் விடுமுறையை நாமே முந்திச் சொல்வது முறை.

சம்பளம்

தொகை, தேதி, பழகும் காலத்துக்கு எவ்வளவு, உயர்வு எப்போது, முன்பணம் வாங்கினால் மாதம் எவ்வளவு பிடிப்பது, கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு, இவை எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேச வேண்டும். சான்றிதழ் கேட்டால் அசலைக் காட்டி நகலை மட்டும் கொடுங்கள்.

சட்டம் சொல்வது

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரு மடங்கு கூலி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். குற்றம் செய்ததாக விசாரணையில் நிரூபணமானால் மட்டும் இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. 2021இல் வந்த திருத்தம், கடை ஊழியர்கள் இடையிடையே உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது. நம் கடைகளில் அந்த இருக்கை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

திருத்தும் முறை

புதியவர் தவறு செய்வார். வாடிக்கையாளர் முன்னால் அதட்டினால் அவர் வேலை கற்க மாட்டார், தவறை மறைக்கத்தான் கற்பார். தனியே அழைத்துச் சொல்லுங்கள். புதியவரும் தெரியாததைத் தெரியாது என்று கேட்க வேண்டும். வர முடியாத நாளை முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். வேலையை விடுவதானால், புது ஆள் தேட அவகாசம் கொடுத்து விட வேண்டும். நேரமும் கல்லாவும் சரக்கும் அவர் கையில் உள்ள அமானத்.

எழுதி வையுங்கள்

பேசியதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. திருக்குர்ஆனில் ஆக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

பெற்றோருக்கு

பிள்ளைக்காக லீவு கேட்டு முதலாளிக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். அவரே பேசிப் பழகட்டும். பெண் பிள்ளையை அனுப்பும்போது திரும்பும் நேரம், வாகன வசதி, கழிப்பறை வசதி ஆகியவற்றை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிபாரிசு செய்பவரும் அறிமுகத்தோடு நிறுத்திவிடாமல், "சம்பளம், நேரம் எல்லாம் பேசியாயிற்றா?" என்று இரு தரப்பையும் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு மாதம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். நடைமுறைக்கு ஒத்துவராததை அப்போதே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.