பத்துப் பேர் கூடினால் செபக்கூடம்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் திருவிழா நெருங்கினால் முதலில் எழும் பேச்சு வரியைப் பற்றியதே. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பெரியவர்கள் விதிப்பார்கள். வலையில் இறால் பட்டாலும் படாவிட்டாலும் வரி வரிதான். இப்படித் தலையை எண்ணியே தங்கள் ஆலயத்தைக் காத்து வந்த மிகச் சிறிய சமூகம் ஒன்று நம் அண்டை மாநிலத்திலும் உண்டு. அவர்களே கொச்சி யூதர்கள்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசி செபக்கூடம் இன்றும் நிற்கிறது. ஸ்பெயின் முதலிய தூர நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் கட்டியதால் இப்பெயர். இயேசு நாசரேத்தில் ஏடு வாசித்தார் என்று படிக்கிறோமே, அத்தகைய கூடந்தான் இதுவும். சுரூபங்கள் கிடையா. தோலில் கையால் எழுதப்பட்ட திருச்சட்டச் சுருள்களை வைத்திருக்கும் பேழையே அங்கு மிகப் புனிதமானது.

முழுத் தொழுகை நடக்கப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதை 'மின்யான்' என்பர். ஒன்பது பேர் வந்தால் அவரவர் செபத்தைச் சொல்லிக்கொள்ளலாம். சபையாகச் சுருளை எடுத்து வாசிக்க முடியாது, இறந்தோருக்காகச் சொல்லும் 'கத்தீஷ்' செபமும் இல்லை. செல்வர் வந்தாலும் ஒன்று, ஏழை வந்தாலும் ஒன்று. பழைய முறைப்படி பெண்கள் கணக்கிலேயே சேரமாட்டார்கள். நம் பள்ளி முழுவதும் திரண்டு போனாலும் பத்து ஆகாது, தோழியரே! இக்காலத்தில் சில யூத சபைகள் பெண்களையும் எண்ணுகின்றன. கொச்சிப் பெண்கள் மட்டும் சும்மா இருந்துவிடவில்லை. மலையாளத்தில் தங்களுக்கென்று பாடல்கள் வைத்திருந்தார்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் காத்து, திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடினார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். உலகின் பல செபக்கூடங்களில் பேழையின் கதவைத் திறக்கும் பேறு, சுருளைச் சுமக்கும் பேறு ஆகியவற்றை ஏலம் விடுவதுண்டு. நம் கரையில் இறால் கூடையைச் சுற்றி நின்று கேட்பதைப் போலவே ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள். ஆனால் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள். அப்போது காசைத் தொடக் கூடாது, எழுதவும் கூடாது. ஆகவே வாயால் சொன்னதோடு சரி. ஓய்வுநாள் கழிந்தபின் கொண்டுவந்து கட்டுவார்கள். சொன்ன தொகை மறவாதிருக்க, சில இடங்களில் பெயர் எழுதிய அட்டையின் ஓரத்தை மடித்து வைப்பார்களாம். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, சொல் மட்டுமே! தருமத்துக்கு அவர்கள் வழங்கும் 'செதாக்கா' என்ற எபிரேயச் சொல், நீதி என்னும் பொருளிலிருந்து வந்தது. தருமம் பெற்று வாழும் ஏழையும் தன் பங்குக்குச் சிறிதாவது கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

பெரிய கைகளும் உதவியதுண்டு. 18ஆம் நூற்றாண்டில் எசேக்கியேல் ரஹாபி என்ற வணிகர் மணிக்கூண்டைக் கட்டுவித்தார். தரையில் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைப் பதிப்பித்தார். இவர் டச்சுக் கும்பினியின் தலைமை வணிகர். நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும், நாம் நாள்தோறும் பார்க்கும் பழைய கல்லறைகளை விட்டுச் சென்றதும் அதே கும்பினிதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. இன்று பத்துப் பேர் கிடைப்பதே அரிதாகிவிட்ட அந்தச் சபை, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கு உள்ளே சமமாக அமரும் உரிமையை நெடுங்காலம் மறுத்தது. அம்மரபில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், 20ஆம் நூற்றாண்டில் செபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து போராடினார். 'யூத காந்தி' என்று அவரை அழைப்பதுண்டு. இருக்கிற சிலரையும் ஒதுக்கி வைத்த கணக்கு என்ன கணக்கோ!

இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றியது. 1950களில் கேரள யூதர்கள் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றுவிட்டனர். மாளா என்ற ஊரின் செபக்கூடம் 1955இல் பஞ்சாயத்தின் பொறுப்பில் விடப்பட்டது. பரதேசி செபக்கூடத்தின் 400ஆம் ஆண்டு விழா 1968இல் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அரசு தபால்தலையும் வெளியிட்டது. அப்போதே சபை மிகவும் சுருங்கியிருந்தது. இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியுள்ள பரதேசி யூதர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இப்போது அங்கே காசுக்குப் பெரிய குறை இல்லை. உலகெங்குமிருந்து வருவோர் சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தி, சீன ஓடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்துச் செல்கிறார்கள். சனிக்கிழமையன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வெளியூர் யூதர்கள் சிலர் வந்து சேர்ந்து பத்துத் தலை ஆகிவிட்டால் பேழை திறக்கும். சுருள் வெளியே வரும். ஒன்பதாக நின்றுவிட்டால், சுருள் பேழையிலேயே இருக்கும்.